டைனிப்ராக்சி மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து ஆரம்பியுங்கள்

ப்ராக்சி (பயனருக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று கோரிக்கைகளைக் கடத்தும் நிரல்) வைத்திருக்கும் இடத்தில் "நெட் வரலை" என்ற புகாரால் ஒரு பயனும் இல்லை. அங்கே இருப்பது ஒரு இணைப்பு அல்ல, இரண்டு. பயனரின் கணினியிலிருந்து ப்ராக்சி வரை ஒன்று, ப்ராக்சியிலிருந்து வலைத்தளம் வரை இன்னொன்று. எந்தப் பாதி அறுந்தது என்று பார்க்காமல் கான்ஃபிக் கோப்பைத் திறந்து கண்டதையும் மாற்றினால், அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும். ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: திரையில் தெரியும் பிழையைச் சொன்னது யார்? பிரவுசரா, ப்ராக்சியா, அந்தப்பக்கத்துத் தளமா?

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் கணினிகளில் ஓடும் டைனிப்ராக்சி என்ற சிறிய ப்ராக்சியை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்க்விட் போன்ற வேறு ப்ராக்சி என்றால் அமைப்புகளின் பெயர் மாறும், தர்க்கம் மாறாது. கமாண்டுகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். சுவிட்ச் என்று நான் சொல்வது கமாண்டுக்குப் பின் கோடு போட்டுச் சேர்க்கும் எழுத்தை, இங்கே வருபவை எல்லாம் சின்ன எழுத்து.

எதையும் தொடும் முன் மூன்று சோதனைகள்

மூன்றுக்கும் டெர்மினலிலிருந்தே வலைப்பக்கத்தை எடுக்கும் கர்ல் கமாண்ட் போதும். பிரவுசரை நம்பாதீர்கள். கேஷ், எக்ஸ்டென்ஷன், தானாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுவது என்று அது தன் பங்குக்குக் குழப்பும். சோதிக்க எக்ஸாம்பிள்.காம் நல்ல தளம். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட டொமைன் அது, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும் பதில் தரும்.

முதலில் ப்ராக்சி சர்வருக்குள் லாகின் செய்து, ப்ராக்சி இல்லாமல் நேரடியாக அந்தத் தளத்தை எடுத்துப் பாருங்கள். இதுவே வரவில்லை என்றால் டைனிப்ராக்சிக்கும் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. சர்வரின் இணையத்தைக் கவனியுங்கள். அது வந்தால், அதே சர்வரில் இருந்தபடி கர்லின் எக்ஸ் சுவிட்சில் 127.0.0.1:8888 என்று கொடுத்து ப்ராக்சி வழியாக எடுங்கள். 127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி. 8888 என்பது டைனிப்ராக்சியின் இயல்பான போர்ட், அதாவது அது காத்திருக்கும் வாசல் எண். மூன்றாவதாக, பயனரின் கணினியிலிருந்து சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்து அதையே செய்யுங்கள். எப்போதும் வி சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை முழுவதும் திரையில் ஓடும்.

இரண்டாவது தேறி மூன்றாவது தோற்றால் கோளாறு கான்ஃபிக்கின் லிசன் வரி (எந்த முகவரியில் காத்திருப்பது), அலவ் வரி (யாரை அனுமதிப்பது), ஃபயர்வால் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும். முதலாவது தேறி இரண்டாவது தோற்றால் டைனிப்ராக்சியே குற்றவாளி.

லாக் எந்த வரியில் நிற்கிறது?

/வார்/லாக்/டைனிப்ராக்சி கோப்புறையில் லாக், அதாவது டைனிப்ராக்சி தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் கோப்பு, இருக்கும். கான்ஃபிக்கில் லாக்லெவல் 'இன்ஃபோ' என்று இருக்கிறதா பாருங்கள். 'எரர்', 'கிரிட்டிக்கல்' என்று வைத்திருந்தால் சாதாரணக் கோரிக்கைகள் எதுவும் பதிவாகாது, வெற்று லாக்கைப் பார்த்து "ஒன்றுமே வரவில்லையே" என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

நல்லபடியாக முடிந்த ஒரு கோரிக்கை லாக்கில் நான்கு கட்டங்களாகத் தெரியும். முதலில் 'கனெக்ட்': இன்ன ஐபியிலிருந்து ஒருவர் வந்தார். அடுத்து 'ரிக்வெஸ்ட்': அவர் இதைக் கேட்டார். பிறகு 'எஸ்டாப்ளிஷ்டு கனெக்ஷன்': அந்தத் தளத்துக்கு இணைப்புப் போட்டாயிற்று. கடைசியில் 'க்ளோஸ்டு கனெக்ஷன்'. லாக்கில் விழும் புது வரிகளை உடனுக்குடன் காட்டும் டெயில் கமாண்டை எஃப் சுவிட்சுடன் ஓடவிட்டு, பயனரை ஒருமுறை முயலச் சொல்லுங்கள்.

கனெக்ட் வரியே வரவில்லையா? கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை. கனெக்ட் வந்து ரிக்வெஸ்ட் வரவில்லையா? வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது, அல்லது வந்தவர் ப்ராக்சிக்குப் புரியாத மொழியில் பேசினார். ரிக்வெஸ்ட் வந்து எஸ்டாப்ளிஷ்டு வரவில்லையா? பிரச்சினை அந்தப்பக்கத்துப் பாதியில், அல்லது நீங்களே போட்ட ஃபில்டரில் (தடைப்பட்டியலில்). நான்கும் வந்தும் பயனர் புகார் சொல்கிறார் என்றால், தளம் என்ன பதில் தந்தது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாமே இந்தக் கட்டங்களில் எங்கேயோ பொருந்துபவைதான்.

அறிகுறி: சர்வீஸே கிளம்பவில்லை

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும் இரண்டு வரியோடு நிற்காமல் ஜர்னல்சிடிஎல்லில் முழுச் செய்தியையும் படியுங்கள். இன்னும் தெளிவு வேண்டுமானால் சர்வீஸை நிறுத்திவிட்டு, டைனிப்ராக்சியை டி சுவிட்சுடன் கையால் ஓட்டுங்கள். பின்னணிக்குப் போகாமல் கண்ணெதிரே ஓடும், கண்ணெதிரே சாகும்.

கான்ஃபிக்கில் எழுத்துப் பிழை என்றால் வரி எண்ணோடு சொல்லிவிடும். 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றால் அந்த போர்ட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். எஸ்எஸ் கமாண்டை எல், டி, என், பி சுவிட்சுகளுடன் ரூட்டாக ஓட்டினால் யார் என்று தெரியும். பல நேரம் அது முன்பு கையால் ஓட்டிவிட்டு மறந்த இன்னொரு டைனிப்ராக்சிதான். லாக்ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால், டைனிப்ராக்சி என்ற பயனர் கணக்கால் அங்கே எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வகை கொஞ்சம் தந்திரமானது. சர்வரை ரீபூட் செய்தால் சர்வீஸ் எழுவதில்லை, கையால் ரீஸ்டார்ட் செய்தால் சமர்த்தாக ஓடுகிறது. லிசன் வரியில் 192.168.1.10 போல ஒரு குறிப்பிட்ட முகவரி இருக்கும். பூட் ஆகும் வேகத்தில் ரூட்டர் அந்த முகவரியைத் தருவதற்குள் டைனிப்ராக்சி கிளம்பிவிடுகிறது. இல்லாத முகவரியில் உட்கார முடியாது, 'கேன்னாட் அசைன்' என்று விழுகிறது. லிசன் வரியையே எடுத்துவிட்டு அலவ் வரிகளால் கட்டுப்படுத்துவது எளிது. அல்லது சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியில், நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்குப் பிறகு கிளம்பச் சொல்லுங்கள்.

அறிகுறி: ப்ராக்சியைத் தொடவே முடியவில்லை

குரோமில் 'ப்ராக்சி கனெக்ஷன் ஃபெயில்டு' என்று வரும். லாக்கில் கனெக்ட் வரி இருக்காது. இங்கே பிழை எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

உடனே மறுத்துவிட்டால், கர்ல் 7 என்ற எண்ணோடு 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' சொன்னால், சர்வர் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் ஆள் இல்லை என்று பொருள். டைனிப்ராக்சி ஓடவில்லை, அல்லது லிசன் 127.0.0.1 என்று இருப்பதால் தன் கணினிக்கு மட்டும் காது கொடுக்கிறது, அல்லது பயனர் போர்ட்டைத் தப்பாகப் போட்டிருக்கிறார். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி ஸ்க்விடுக்கானவை, அதன் போர்ட் 3128. இன்னும் பலர் பழக்கத்தில் 8080 போடுவார்கள். லிசனையும் பைண்டையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. லிசன் என்பது உள்ளே வருபவர்களுக்கு, பைண்ட் என்பது வெளியே போகும்போது எந்த முகவரியிலிருந்து போவது என்பதற்கு.

பதிலே இல்லாமல் நெடுநேரம் தொங்கிவிட்டு டைம்அவுட் ஆனால், நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. சர்வரின் சொந்த ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ, கிளவுட் சர்வர் என்றால் அங்கே தனி ஃபயர்வாலாக இருக்கும் செக்யூரிட்டி குரூப், இரண்டையும் பாருங்கள். ஒன்றில் திறந்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம். வைஃபையில் வரும் போனுக்கு மட்டும் இப்படி ஆனால், ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கோ ஏபி ஐசொலேஷனோ போட்டிருக்கும். அதில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது.

'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று உடனே வந்தால் ரூட்டைத் தேடி அலைய வேண்டாம். ஃபெடோரா, ரெட் ஹாட் வகையறாவில் ஃபயர்வால்டி மறுக்கும்போது இந்தச் செய்திதான் வரும். போர்ட்டைத் திறந்தால் போதும்.

அறிகுறி: 403

'அனுமதி இல்லை' என்று சொல்லும் இந்த ஒரு எண்ணுக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன, அதனால்தான் இது அதிக நேரத்தைத் தின்கிறது.

எச்டிடிபிஎஸ் தளத்தைத் திறக்கும்போது ப்ராக்சி மறுத்தால், ப்ராக்சி தந்த பிழைப்பக்கத்தைக் குரோம் காட்டாது. 'டனல் கனெக்ஷன் ஃபெயில்டு' என்று மொட்டையாகச் சொல்லும். கர்ல் என்றால் 56 என்ற எண்ணும், கனெக்ட் டனலுக்கு 403 பதில் வந்தது என்ற வரியும் வரும். உண்மையான காரணத்தைப் படிக்க அதே சோதனையை எச்டிடிபி முகவரிக்குச் செய்யுங்கள். டைனிப்ராக்சியின் பிழைப்பக்கம் முழுதாக வரும், அடியில் அதன் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். அந்தக் கையெழுத்து இல்லாத 403 வந்தால் அது தளமே சொன்னது. எச்டிடிபிஎஸ்ஸில் இன்னும் தெளிவு: முதலில் கனெக்டுக்கு (ப்ராக்சியிடம் சுரங்கம் கேட்கும் கட்டளைக்கு) 'சரி' என்று பொருள்படும் 200 வந்து, அதன்பின் 403 வந்தால் ப்ராக்சி தன் வேலையைச் செய்துவிட்டது. பல தளங்கள் கிளவுட் சர்வர்களின் ஐபி முகவரிகளைக் கண்டாலே கதவைச் சாத்தும். அதற்கு கான்ஃபிக்கில் மருந்து கிடையாது.

டைனிப்ராக்சி சொன்ன 403 என்றால் லாக்கைப் பாருங்கள். 'அனாதரைஸ்டு கனெக்ஷன்' என்ற வரி இருந்தால் அலவ் பட்டியலில் அந்த ஐபி இல்லை. அலவ், டினை வரிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே தீர்ப்பு. ஒரு வரிகூட இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுமதி. ஒரே ஒரு வரி போட்டுவிட்டாலும் பட்டியலில் இல்லாதவர் எல்லோருக்கும் மறுப்பு. நிறுவியதும் பெரும்பாலும் 127.0.0.1 மட்டும் அனுமதியில் இருக்கும், அதனால்தான் இரண்டாவது சோதனை தேறி மூன்றாவது தோற்கிறது. உங்கள் நெட்வொர்க்குக்கு ஏற்ப 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) போல ஒரு அலவ் வரி சேருங்கள்.

இங்கே இரண்டு கிளைக்கதைகள் உண்டு. சர்வரிலேயே 127.0.0.1 என்று கொடுத்தால் வேலை செய்து, லோக்கல்ஹோஸ்ட் என்று பெயர் கொடுத்தால் 403 வந்தால், பெயர் ஐபிவி 6 என்ற புதிய முகவரி முறையின் ::1 ஆக மாறியிருக்கிறது. அதற்கும் ஒரு அலவ் வரி வேண்டும். டைனிப்ராக்சி டாக்கர் கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனியாக அடைத்துவைத்த சூழலில்) ஓடினால், அதன் 127.0.0.1 என்பது கன்டெய்னர்தான், உங்கள் கணினி அல்ல. ஹோஸ்டிலிருந்து போகும் கோரிக்கை பொதுவாக 172.17.0.1 என்ற பிரிட்ஜ் முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும். ஊகிக்க வேண்டாம், லாக்கின் கனெக்ட் வரியில் என்ன ஐபி இருக்கிறதோ அதையே அனுமதியுங்கள்.

லாக்கில் 'ஃபில்டர்டு' என்று வந்தால் உங்கள் தடைப்பட்டியல். அதில் இருப்பவை ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், அதாவது எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் சூத்திரங்கள். மூன்றெழுத்தில் ஒரு வரி எழுதினால் அந்த மூன்றெழுத்து எங்கே வந்தாலும் அந்த டொமைன் மாட்டும். புள்ளி என்பதும் எந்த எழுத்துக்கும் பொருந்தும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் குறி போட்டு, புள்ளிக்கு முன் பேக்ஸ்லாஷ் போட்டு எழுதுங்கள். எச்டிடிபிஎஸ்ஸில் தளத்தின் பெயர் மட்டுமே ப்ராக்சிக்குத் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆகவே ஒரு தளத்தின் ஒரே ஒரு பக்கத்தைத் தடுக்க ஃபில்டர்யுஆர்எல்ஸ் அமைப்பைப் போட்டு மணிக்கணக்கில் போராடாதீர்கள்.

'ரெஃப்யூஸ்டு கனெக்ட் மெத்தட்' என்ற வரி நான்காவது நோய். அதை அடுத்த அறிகுறியோடு சேர்த்துப் பார்ப்போம்.

அறிகுறி: எச்டிடிபி வருகிறது, எச்டிடிபிஎஸ் வரவில்லை

எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு பிரவுசர் 'கனெக்ட்' என்ற கட்டளையால் ஒரு சுரங்கம் கேட்கிறது (லாக்கில் வரும் கனெக்ட் வரி வேறு). எந்தப் போர்ட்டுகளுக்குச் சுரங்கம் போடலாம் என்பதை கனெக்ட்போர்ட் வரிகள் தீர்மானிக்கின்றன. பழைய கான்ஃபிக்குகளில் 443, 563 இரண்டு மட்டும் இருக்கும். 8443-இல் ஓடும் அட்மின் பக்கமோ, 22-இல் ஓடும் எஸ்எஸ்எச்சோ சுரங்கம் கேட்டால் மறுக்கப்படும். அந்தப் போர்ட்டைச் சேர்த்தால் தீர்ந்தது. கனெக்ட்போர்ட் 0 என்று யாராவது போட்டிருந்தால் சுரங்கமே கிடையாது. எல்லா கனெக்ட்போர்ட் வரிகளையும் நீக்கினால் எல்லாப் போர்ட்டும் திறக்கும். வசதிதான், ஆனால் 25-ஆம் போர்ட் வழியே ஸ்பாம் அனுப்ப ஒருவர் உள்ளே வந்தால் உங்கள் ஐபிதான் தடைப்பட்டியலில் ஏறும்.

இதைவிட அதிகம் பார்ப்பது இன்னொன்று. கர்ல் 35 என்ற எண்ணோடு 'ராங் வெர்ஷன் நம்பர்' என்கிறது. உடனே எல்லோரும் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க முறை) பதிப்பு, ஓப்பன்எஸ்எஸ்எல் அப்டேட் என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். எந்த ப்ராக்சி வழியே போவது என்று கர்லுக்குச் சொல்லும் எச்டிடிபிஎஸ்_ப்ராக்சி என்ற சூழல் மாறியின் மதிப்பை எடுத்துப் பாருங்கள். அது எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் குற்றவாளி அதுதான். மாறியின் பெயரில் உள்ள எச்டிடிபிஎஸ், போக வேண்டிய தளத்தைக் குறிக்கிறது. மதிப்பில் உள்ளது ப்ராக்சியோடு எப்படிப் பேசுவது என்பதைக் குறிக்கிறது. டைனிப்ராக்சியோடு சாதாரண எச்டிடிபியில்தான் பேச வேண்டும். டிஎல்எஸ் வணக்கம் அனுப்பினால் அது புரியாமல் வெறும் எழுத்தில் ஒரு பிழைப்பக்கத்தைத் திருப்பித் தரும். அந்த எழுத்துகளை டிஎல்எஸ் பதிப்பு எண்ணாகப் படிக்கப் போய்த்தான் கர்ல் இப்படி உளறுகிறது. மதிப்பை எச்டிடிபி என்று தொடங்குமாறு மாற்றுங்கள்.

பயர்ஃபாக்ஸில் சாக்ஸ் (இன்னொரு வகை ப்ராக்சி) ஹோஸ்ட் கட்டத்தில் டைனிப்ராக்சியின் முகவரியைப் போட்டாலும் இதே குடும்பத்துச் சிக்கல் வரும். டைனிப்ராக்சி சாக்ஸ் சர்வர் அல்ல. எச்டிடிபி கட்டத்தில் போட்டு, அதையே எச்டிடிபிஎஸ்ஸுக்கும் பயன்படுத்தும் டிக்கைப் போடுங்கள்.

அறிகுறி: 500, 'அனேபிள் டு கனெக்ட்'

லாக்கில் ரிக்வெஸ்ட் இருக்கும், எஸ்டாப்ளிஷ்டு இருக்காது. டைனிப்ராக்சியின் கையெழுத்தோடு 500 வந்தால் தளம் செத்துவிட்டது என்று பொருள் அல்ல, ப்ராக்சியால் அதை எட்ட முடியவில்லை என்றுதான் பொருள்.

ப்ராக்சி வழியாகப் போகும்போது தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் வேலை சர்வருடையது. பயனர் தன் கணினியில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றிப் பார்ப்பதெல்லாம் வீண். சர்வரில் கெட்என்ட் கமாண்டால் பெயரைத் தேடிப் பாருங்கள், /இடிசி கோப்புறையில் ரிசால்வ்.கான்ஃபில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உடனே 500 வராமல், ஒன்றிரண்டு நிமிடம் தொங்கிவிட்டு வந்தாலோ, அல்லது அத்தனை நேரம் கழித்துப் பக்கமே வந்துவிட்டாலோ ஐபிவி 6-ஐச் சந்தேகியுங்கள். சர்வருக்கு ஐபிவி 6 முகவரி இருக்கும், ஆனால் அது வெளியே போகாது. பிரவுசர்கள் நேரடியாகப் போகும்போது இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முயன்று வேகமானதை எடுத்துக்கொள்கின்றன. டைனிப்ராக்சி வரிசையில் ஒவ்வொன்றாக முயலும். லினக்ஸ் கர்னல் தன் வழக்கமான அமைப்பில் ஒரு முகவரியைக் கைவிடச் சுமார் 127 நொடி எடுத்துக்கொள்ளும். சர்வரில் கர்லை 4, 6 என்ற சுவிட்சுகளுடன் தனித்தனியாக ஓட்டுங்கள். 6 தொங்கினால் அதைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் சர்வரில் ஐபிவி 6-ஐ நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: காலையில் நன்றாக ஓடுகிறது, ஆட்கள் வந்ததும் திணறுகிறது

மேக்ஸ்கிளையன்ட்ஸ் 100 என்று இருக்கும். "எங்களிடம் பத்துப் பேர்தானே" என்று தோன்றும். இந்த 100 ஆட்களின் எண்ணிக்கை அல்ல, இணைப்புகளின் எண்ணிக்கை. ஒரு குரோம் மட்டுமே ஒரு ப்ராக்சிக்கு 32 இணைப்பு வரை திறக்கும். நான்கு பேர் ஆளுக்குப் பத்து டேப் திறந்தால் 128, கதை முடிந்தது. போதாததற்கு டைம்அவுட் 600 நொடி, அதாவது சும்மா கிடக்கும் சுரங்கம்கூட பத்து நிமிடம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வரம்பை எட்டிவிட்டதாக லாக்கிலும் எச்சரிக்கை தெரியும். முதலாவதை 400 ஆக்கி, இரண்டாவதை 120-க்குக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் கோப்பு அல்லது இணைப்புக்கு லினக்ஸ் தரும் எண்) வேண்டும். வழக்கமான வரம்பு 1024, எனவே 500-ஐத் தாண்டுவதானால் சிஸ்டம்டியில் லிமிட்நோஃபைலையும் உயர்த்துங்கள். 1.11-க்கு முந்தைய வழிகாட்டிகளில் சொல்லும் ஸ்டார்ட்சர்வர்ஸ், மின்ஸ்பேர்சர்வர்ஸ் அமைப்புகளைத் தேடாதீர்கள். அந்தப் பதிப்பில் த்ரெட்டுகளுக்கு மாறியதோடு அவை காலாவதியாகிவிட்டன.

அறிகுறி: பிரவுசரில் வருகிறது, மற்றதில் வரவில்லை

டெர்மினல் நிரல்கள் பிரவுசரின் அமைப்பைப் பார்ப்பதில்லை, சூழல் மாறிகளைப் பார்க்கின்றன. எச்டிடிபி_ப்ராக்சி என்பதைச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். பெரிய எழுத்தில் இருந்தால் கர்ல் வேண்டுமென்றே கண்டுகொள்ளாது. சுடோ போட்டால் இந்த மாறிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஏபிடி, கிட், டாக்கர் டேமன் ஆகியவற்றில் தனித்தனியாகவே சொல்லிவைப்பது நிம்மதி. உள் நெட்வொர்க் முகவரிகள் ப்ராக்சிக்குப் போய் முட்டினால் நோ_ப்ராக்சியில் சேருங்கள். 192.168.0.0/16 போன்ற எழுத்துமுறை கர்ல் 7.86-இலிருந்துதான் செல்லும்.

ஆண்ட்ராய்டில் வைஃபை அமைப்பில் போடும் ப்ராக்சியைப் பிரவுசர் மதிக்கும், பல ஆப்கள் மதிக்காது. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போடக் கட்டமே கிடையாது. பேசிக்ஆத் (ப்ராக்சிக்குக் கடவுச்சொல் கேட்கும் அமைப்பு) வைத்திருந்தால் ஆப்கள் 407 என்ற 'கடவுச்சொல் கொடு' பதிலை வாங்கிக்கொண்டு மௌனமாக நிற்கும். அந்த இடங்களில் கடவுச்சொல்லை விட்டு ஐபியால் கட்டுப்படுத்துங்கள். வீடியோ அழைப்புகள் யுடிபி என்ற வேறு அனுப்பும் முறையை நம்புபவை, அது எச்டிடிபி ப்ராக்சி வழியே போகாது. பிங்கும் போகாது. எனவே பிங் வருகிறது, வரவில்லை என்பதை வைத்து ப்ராக்சியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

அறிகுறி: மாற்றியும் மாறவில்லை

ரீஸ்டார்ட் செய்தீர்களா? செய்தும் மாறவில்லை என்றால் வேறு கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள். பழைய நிறுவல்களில் கோப்பு நேராக /இடிசி-யில் இருக்கும், புதியவற்றில் அதற்குள் டைனிப்ராக்சி என்ற கோப்புறையில். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை பிஎஸ் கமாண்டில் பார்த்தால், சி சுவிட்சுக்குப் பிறகு எந்தக் கோப்பு என்று தெரியலாம். வரியின் முன்னால் # இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: லாக்கில் ஊர் பேர் தெரியாத ஐபிகள்

இதை யாரும் புகாராகக் கொண்டுவர மாட்டார்கள், நீங்களாகப் பார்த்தால்தான் உண்டு. பொது ஐபியில், அலவ் வரி ஒன்றும் இல்லாமல் 8888 திறந்திருந்தால், தானியங்கி ஸ்கேனர்கள் விரைவில் கண்டுபிடித்துவிடும். 403 தீர வேண்டும் என்று அவசரத்தில் எல்லா அலவ் வரிகளையும் அழிப்பவர்கள் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். உடனே சர்வீஸை நிறுத்தி, ஃபயர்வாலில் போர்ட்டை மூடி, வேண்டிய நெட்வொர்க்குக்கு மட்டும் அலவ் போட்டுத் திறங்கள். பேசிக்ஆத் மட்டும் போதாது. அந்தக் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல், யாரும் எளிதில் திருப்பிப் படிக்கக்கூடிய பேஸ்64 உருவில்தான் பயணிக்கிறது.

பதிப்பையும் பாருங்கள். 2024 மே மாதம் சிஸ்கோ டாலோஸ் வெளியிட்ட சிவிஇ-2023-49606 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) என்ற ஓட்டை 1.10.0, 1.11.1 பதிப்புகளைப் பாதித்தது. கடவுச்சொல் ஏதும் இல்லாமல், கவனமாகச் சமைத்த ஒரு எச்டிடிபி ஹெடரை அனுப்பியே நினைவகத்தைச் சிதைக்கலாம். திருத்தம் 1.11.2-இல் வந்தது. டெபியன் போன்றவை பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்ப்பதுண்டு என்பதால், எண்ணை மட்டும் பார்க்காமல் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் அந்த சிவிஇ எண்ணைத் தேடுங்கள்.